தாய் வீட்டு மல்லிகை



"வாங்கும்போது கொத்துக் கொத்தாய்ப் பூத்திருந்தது. நம்ம வீட்டுக்கு வந்த பிறகு இலையாய்த்தான் தள்ளுகிறது. பூவைக் காணோம். என்ன செய்வது?" இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் இதே கேள்விதான். மல்லிகை, ரோஜா, செம்பருத்தி என்று செடியின் பெயர் மாறுமே தவிர, வருத்தம் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, எங்கள் தெருவில் நடந்ததையே இந்த இதழில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. இதில் நான் செய்த தப்பும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குப் பூ பெரிய விஷயம். தொண்டரடிப்பொடி ஆழ்வார் நந்தவனம் வைத்துப் பெருமாளுக்குப் பூ கட்டிய ஊர் இது. சாத்தார வீதிப் பூச்சந்தைக்கு எட்டரை, கோப்பு பக்கத்திலிருந்து விடியற்காலையிலேயே மூட்டை மூட்டையாய்ப் பூ வந்து இறங்கும். காசைக் கொடுத்தால் முழம் முழமாய் வாங்கிவிடலாம். ஆனாலும் நம்ம வீட்டுக் கொல்லையில் பூத்த பத்து மொட்டுக்கு இருக்கிற சந்தோஷம் சந்தையில் வாங்கின பத்து முழத்துக்கு வருமோ?

வாசலில் நின்று சொன்ன வைத்தியம்

எதிர் வீட்டுக்கு மாட்டுப்பெண்ணாக வந்த பெண்ணுக்குக் கும்பகோணம் பக்கம் பிறந்த வீடு. கல்யாணமான மறு வருஷமே அம்மா தவறிவிட்டாள். அப்பா தனியாக இருக்க முடியாமல் சென்னையில் பிள்ளையோடு போய்விட்டார். வீட்டைக் காலி செய்தபோது, "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்களாம். பாத்திரமும் வேண்டாம், பட்டுப் புடவையும் வேண்டாம் என்று, அம்மா வளர்த்த மல்லிகைத் தொட்டியைக் கேட்டு வாங்கி வேனில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பழைய சிமெண்டுத் தொட்டி. தூக்க ரெண்டு ஆள் வேண்டும்.

பங்குனியில் ஒரு நாள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"மாமி, நீங்க பத்திரிகையில எல்லாம் எழுதறேளாமே. எங்க மல்லி ரெண்டு வருஷமா ஒரு மொட்டு வைக்கலை. என்ன பண்ணட்டும்?"

அடுப்பில் பால் வைத்திருந்தேன். நின்ற நிலையிலேயே, "கடலைப் பிண்ணாக்கை ஊற வெச்சு விடு. தண்ணி நன்னா ஊத்து. தானே பூக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். செடியை நான் போய்ப் பார்க்கவில்லை. அதுதான் என் தப்பு.

பதினெட்டாம் பெருக்கு அன்று அம்மா மண்டபத்தில் அவளைப் பார்த்தேன். காவேரிக்குப் பூ விட்டுவிட்டுப் படியேறி வந்தவள், "எங்கம்மா பெருக்குக்கு ஆத்து மல்லியைத்தான் விடுவா மாமி. அதுக்குன்னு செடியில கடைசி மொட்டை விட்டு வெச்சிருப்பா. நான் இன்னிக்குக் கடையில வாங்கிண்டு வந்தேன்" என்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை. ஆனால் குரல் எப்படியோ இருந்தது.

"நான் சொன்னபடி செஞ்சியோடி?"

"வாரம் தவறாம பிண்ணாக்குத் தண்ணி விடறேன் மாமி. இலை நன்னா வரது."

எனக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலமே அவள் வீட்டுக் கொல்லைக்குப் போனேன்.

பார்த்த பிறகுதான் புரிந்தது

செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து புதர் மாதிரி நின்றது. கரும்பச்சை இலை. கொடி போல நீண்டு போன தண்டுகள். பார்க்க வஞ்சனை இல்லாத செடி. ஆனால் பூக்க அதற்கு ஒரு வழியும் இல்லை. நான் கண்டவற்றை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுச் செடியையும் இதே வரிசையில் பாருங்கள்.

முதலாவது, வெயில். தொட்டியைக் கிணற்றடியில், முருங்கை மர நிழலில் வைத்திருந்தாள். மதில் சுவரைத் தாண்டிக் காலையில் ஒரு மணி நேரம் வெயில் விழுந்தால் அதிகம். மல்லிகைக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் அது சாகாது, இலை விட்டுக்கொண்டு இருக்கும். ஆனால் மொட்டு வைக்கத் தெம்பு வராது.

இரண்டாவது, உரம். இங்கேதான் என் தப்பு. கடலைப் பிண்ணாக்கில் தழைச்சத்துத்தான் அதிகம். பெயரிலேயே இருக்கிறது, தழையைத் தழைக்க வைக்கும். ஏற்கெனவே நிழலில் நின்று இலையாய்த் தள்ளுகிற செடிக்கு மேலும் மேலும் தழைச்சத்தைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். பூக்கிற செடிக்கு மணிச்சத்தும் சாம்பல் சத்தும் வேண்டும். மணிச்சத்துக்கு எலும்புத் தூள் போடலாம். அது பிடிக்காதவர்கள் கடையில் விற்கும் சூப்பர் பாஸ்பேட் வாங்கிக்கொள்ளலாம். சாம்பல் சத்துக்குப் பொட்டாஷ்.

மூன்றாவது, தண்ணீர். காலையில் ஒரு குடம், சாயங்காலம் ஒரு குடம். பாசத்தோடு விட்ட தண்ணீர்தான், என்ன செய்வது! மேல் மண்ணில் ஒரு அங்குலம் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் ஊற்ற வேண்டும். எப்போதும் சொத சொதவென்று இருந்தால் வேர் மூச்சு விட முடியாது.

நான்காவது, தொட்டி. அடியில் ஓட்டை இருந்ததே தவிர, அதில் வேர் அடைத்துக்கொண்டிருந்தது. பல வருஷமாக மண் மாற்றவில்லை.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, கவாத்து. மல்லிகை பழைய கட்டையில் பூக்காது. புதிதாக விடுகிற பக்கக் கிளைகளின் நுனியில்தான் மொட்டு வைக்கும். வெட்டினால்தான் புதுக் கிளை வரும், புதுக் கிளை வந்தால்தான் பூ. இந்தச் செடி கும்பகோணத்திலிருந்து வந்த நாளாய்க் கத்தரிக்கோலைப் பார்த்ததே இல்லை.

"அம்மா கை பட்ட கிளை"

எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு வந்தவள், கவாத்து என்றதும் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"வெட்டணுமா மாமி? எவ்வளவு?"

"தரையிலேர்ந்து ஒண்ணரை அடி விட்டுட்டு மேலே எல்லாத்தையும்."

"வேண்டாம் மாமி. பூக்காட்டாப் போறது. இது எங்கம்மா கை பட்ட கிளை. பட்டுப்போச்சுன்னா எனக்கு வேற என்ன இருக்கு?"

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. 'வருஷா வருஷம் உங்கம்மாவே வெட்டித்தானே பூக்க வைத்திருப்பாள்' என்று சொல்ல வாய் வரை வந்தது. அது நிஜம்தான். ஆனால் அந்த நேரத்துக்கு அது பதில் இல்லை. அவள் பயம் செடியைப் பற்றியது மட்டும் இல்லையே.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். ராத்திரி சாப்பாட்டு வேளையில் இவரிடம் சொன்னபோது, "ஒண்ணே ஒண்ணு இருக்கறதுனாலதானே பயப்படறா? ரெண்டாக்கிக் கொடேன்" என்றார். தோட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத மனுஷர். ஆனால் சரியான யோசனை. பதியம் போட்டுவிட்டால் போச்சு!

மறுநாள் போய், "இப்ப ஒண்ணும் வெட்ட வேண்டாம். முதல்ல இதே செடியிலேர்ந்து இன்னொரு செடி எடுத்துக்கலாம். அது வேர் பிடிச்ச பிறகு பேசிக்கலாம்" என்றேன். அவள் முகம் தெளிந்தது.

பதியம் போடும் முறை

தரைக்கு அருகில் வளைகிற, பென்சில் பருமனுள்ள முற்றிய கிளை ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். நுனியிலிருந்து ஒரு முழம் தள்ளி, கணுவுக்குக் கீழே, கிளையின் கனத்தில் பாதி அளவுக்கு மேல் நோக்கிச் சாய்வாக ஒரு வெட்டு. வெட்டு மூடிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு ஈர்க்குச்சித் துண்டு. பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டியில் மணலும் எருவும் கலந்து வைத்து, வெட்டின இடம் இரண்டு அங்குலம் ஆழத்தில் இருக்கும்படி அழுத்திப் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்துவிடுங்கள். நுனி வெளியே நிமிர்ந்து நிற்கட்டும். மண் ஈரமாகவே இருக்க வேண்டும். சுமார் மூன்று மாசத்தில் வேர் பிடிக்கும். தாய்ச் செடி சோறு போட்டுக்கொண்டே இருப்பதால் பிள்ளைச் செடி வாடாது.

மதுரை மல்லிக்கு 2013-ஆம் வருஷம் புவிசார் குறியீடு கிடைத்ததே, ஞாபகம் இருக்கிறதா? ராமேசுவரம் பக்கம் தங்கச்சிமடத்தின் மணல் பூமியில் வளர்த்த மல்லிகைக் கன்றுகள்தான் எத்தனையோ ஊர்த் தோட்டங்களுக்குப் போகின்றன. மல்லிகை வேர் விட மணல் பாங்கு அவ்வளவு உகந்தது. இப்போது நம்ம ஊரிலேயே ஆற்று மணல் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. கிடைக்காதவர்கள் ஊற வைத்துப் பிழிந்த தென்னை நார்க் கழிவைக் கலந்துகொள்ளலாம்.

ஆவணியில் பதியம் போட்டோம்.

வடாம் காயும் இடம்

அடுத்தது வெயில். அவர்கள் கொல்லையில் காலை ஒன்பதிலிருந்து மூன்று மணி வரை வெயில் அடிக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது அவள் மாமியார் வடாம் காயவைக்கிற இடம். துணிக்கொடியும் அங்கேதான். வருஷக்கணக்காக அந்த அம்மாளுடைய இடம். அங்கே போய்த் தொட்டியை வை என்று நான் எப்படிச் சொல்வது?

அந்தப் பெண் தானே போய்க் கேட்டாள். "அம்மா, தொட்டியை அந்தப் பக்கம் வெச்சுக்கட்டுமா? பங்குனியில வடாம் போடறச்சே நகர்த்திக் கொடுத்துடறேன்" என்று. அந்த அம்மாள் அப்பளத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்க்காமலே, "பார்த்து வை, செங்கல்லு மேல தூக்கி வை. அடியில தண்ணி நிக்கும்" என்றார். அவ்வளவுதான். கேட்டால் கிடைக்கிற இடங்கள் வீட்டில் எத்தனையோ இருக்கின்றன. நாமாகத்தான் கேட்காமல் இருந்துவிடுகிறோம்.

பிண்ணாக்குத் தண்ணீரை அடியோடு நிறுத்தினோம். தண்ணீரும் விரல் வைத்துப் பார்த்துத்தான்.

கார்த்திகையில் கத்தரிக்கோல்

மல்லிகைக்குக் கவாத்து செய்ய ஏற்ற சமயம் நவம்பர் கடைசி வாரம். அதாவது கார்த்திகை. ஜாதிமல்லி என்கிற பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். இந்த மூன்றையும் நாட்காட்டியில் இப்போதே குறித்து வையுங்கள். மூன்றையும் ஒரே நாளில் வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. அது தப்பு.

வெட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தண்ணீரைக் குறைத்து நிறுத்திவிட வேண்டும். செடி கொஞ்சம் வாடி, இலை உதிர்த்து, ஓய்வு எடுக்கும். ஐப்பசி கார்த்திகை என்றால் அடைமழைக் காலம் ஆயிற்றே! மழை வந்தபோதெல்லாம் அந்தப் பெண் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாளாம். "குழந்தைக்குக்கூட இப்படி ஓட மாட்டா" என்று அவள் மாமியார் சிரித்தார்.

நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை போனேன். முதலில் பதியத்தைப் பார்த்தோம். கல்லை எடுத்துவிட்டு மெதுவாக இழுத்தேன். வரவில்லை. மண்ணைக் கிளறினால் வெள்ளை வெளேரென்று வேர். தாய்க்கிளையிலிருந்து துண்டித்துச் சின்னத் தொட்டியைத் தூக்கி அவள் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைத் திண்ணையில் வைத்துவிட்டு, "கத்தரியைக் கொடுங்கோ மாமி, நானே வெட்டறேன்" என்றாள்.

கத்தரிக்கோல் கூர்மையாக இருக்க வேண்டும். வெந்நீரில் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். காய்ந்தது, நோய் பட்டது, ஒன்றோடொன்று உராய்வது, உள்பக்கம் வளர்ந்தது — இவற்றை அடியோடு எடுத்துவிட வேண்டும். மீதியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே வெட்ட வேண்டும். மிச்சமிருக்கும் இலைகளையும் உருவிவிடலாம்.

அதோடு தொட்டி மண்ணையும் மாற்றினோம். செடியைச் சாய்த்து எடுத்து, சுருண்ட வேர்களில் ஓரத்தைக் கத்தரித்து, செம்மண், மணல், மக்கின எரு மூன்றும் சம பங்கு கலந்து, இரண்டு கைப்பிடி எலும்புத் தூளும் சேர்த்து நிரப்பினோம். தொட்டியைக் காலி செய்தபோது, அடி ஓட்டையின் மேல் வைத்திருந்த ஓட்டுத் துண்டு கையில் வந்தது. அலம்பிப் பார்த்தால், கல்சட்டித் துண்டு.

"மாமி! இது எங்காத்துக் கல்சட்டி. சின்ன வயசுல நான்தான் போட்டு உடைச்சேன். அம்மாகிட்ட அடி வாங்கினேன்" என்று சிரித்தாள். சிரிக்கும்போதுதான் கண் நிறைந்தது. அந்தத் துண்டையே மறுபடி ஓட்டையின் மேல் வைத்து மண்ணைப் போட்டாள்.

மொட்டைச் செடி

நாலைந்து குச்சிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்த தொட்டியைப் பார்த்து, "என்னடி, ரெண்டு பேருமா மொட்டையடிச்சுட்டேளே!" என்றார் அவள் மாமியார். ஒரு வாரம் ஆயிற்று. இரண்டு வாரம் ஆயிற்று. குச்சி குச்சியாகவே நின்றது. தினம் காலையில் நான் வாசல் தெளிக்கும்போது அவளும் எதிரே வாசல் தெளிப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள், பார்ப்பாள். எனக்கு உள்ளுக்குள் பக்கென்று இருக்கும். சகோதரிகளே, இத்தனை வருஷம் செடி வளர்த்தும், அந்த நாட்களில் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை என்பதுதான் உண்மை.

மார்கழி பிறந்த மூன்றாம் நாள். இருட்டு விலகாத நேரம். திருப்பாவைக்குக் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டு அம்மாள் கோலப்பொடிக் கையோடு வேகமாக வந்தார். "வந்து பாருங்கோ, கணுவுக்குக் கணு அரிசி அரிசியா முளைச்சிருக்கு. அவ குழந்தைக்குப் பால் கொடுத்துண்டு இருக்கா. நான் இன்னும் சொல்லலை. நீங்களே வந்து சொல்லுங்கோ" என்றார். அந்த அம்மாளும் தினம் போய்ப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

துளிர் வந்த பிறகு இப்படிக் கவனித்தோம். மாசம் ஒரு தரம் இரண்டு கைப்பிடி மண்புழு உரம். தை மாசத்தில் ஒரு தேக்கரண்டி பொட்டாஷ், தண்டை ஒட்டாமல் தொட்டி ஓரமாகத் தூவி, மண்ணைக் கிளறித் தண்ணீர். நடுவில் இளம் இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தன. அது இரும்புச் சத்துக் குறைவு. உப்புத் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் சகஜம். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி வாங்கி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிராம் வீதம் கரைத்துச் சாயங்கால வேளையில் இலை மேல் தெளித்தோம். இரண்டாம் தெளிப்பிலேயே பச்சை திரும்பிவிட்டது.

மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தாளுக்குப் பூச்சொரிதல் தொடங்குமே, அந்த வாரம் முதல் மொட்டுகள் அரிசி போலக் கண்ணில் பட்டன. மல்லிகைக்கு அது தெரியும் போலிருக்கிறது! மொட்டு வந்ததும் மொட்டுப்புழு வரும். மொட்டு ஊதா நிறமாகி, ஓட்டை விழுந்து, ஒன்றோடொன்று நூலாம்படை போல ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான். அப்படிப்பட்டதைக் கிள்ளி அழித்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் துளி சோப்புக் கரைசலும் கலந்து வாரம் ஒரு தரம் தெளியுங்கள். வெயில் தாழ்ந்த பிறகுதான் தெளிக்க வேண்டும்.

பதினோரு மொட்டு

பங்குனி முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம், சின்னக் கிண்ணத்தில் பதினோரு மொட்டுகளோடு வந்தாள்.

"மாமி, எனக்குத் தொடுக்கத் தெரியாது. அம்மாவே தொடுத்துடுவா. நான் கத்துக்கவே இல்லை. சொல்லித் தரேளா?"

வாழை நாரை நனைத்துக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தோம். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு முடிச்சு. மூன்று தரம் அவிழ்ந்தது. நாலாம் தரம் நின்றது. கட்டி முடித்தபோது நாலு விரல் நீளம்தான் இருந்தது. அதைப் பாதியாக்கி, ஒன்றைப் பெருமாளுக்கும் இன்னொன்றை மாமியார் தலையிலும் வைத்தாள்.

போனில் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினாளாம். அவர் கூப்பிட்டு வேறு ஒன்றும் பேசவில்லையாம். "அம்மா ஆறு மணிக்கு முன்னாடி பறிச்சுடுவாம்மா. இருட்டினா மலர்ந்துடும்னு சொல்லுவா" என்று மட்டும் சொன்னாராம்.

சித்திரையில் பேத்தியைப் பார்க்க வந்தவர், ஊருக்குத் திரும்பும்போது பதியச் செடியைத் தாமே மடியில் வைத்துக்கொண்டு போனார். சென்னையில் அவர்கள் வீட்டு பால்கனியில் மேற்கு வெயில் நன்றாக வருமாம். எதிர் வீட்டில் இந்த வருஷம் வடாம் மொட்டை மாடிக்குப் போய்விட்டது. தொட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மற்ற செடிகளுக்கு

இடம் குறைவு என்பதால் மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ரோஜா: வாடின பூவைச் செடியிலேயே விடாதீர்கள். ஐந்து இலைக் கொத்துள்ள, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே வெட்டினால் அங்கிருந்து அடுத்த பூங்கிளை வரும். பெரிய கவாத்து அக்டோபர், நவம்பரில். வாங்கின செடி வேறு மாதிரிப் பூக்கிறது, அல்லது பூக்கவே இல்லை என்றால், ஒட்டுக் கட்டின இடத்துக்குக் கீழேயிருந்து காட்டுக்கிளை வந்திருக்கும். அதை அடியோடு கிள்ளிவிடுங்கள். விட்டால் ஒட்டுக் கிளையைத் தின்றுவிடும்.

செம்பருத்தி: மொட்டு மலராமலே உதிர்ந்தால், ஒரு நாள் காயப்போட்டு ஒரு நாள் வெள்ளமாய் ஊற்றுகிறீர்களோ என்று பாருங்கள். நுனியில் வெள்ளையாக மாவுப்பூச்சி இருந்தால் தண்ணீரைப் பீச்சியடித்துக் கழுவி, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள்.

கனகாம்பரம்: பூத்து முடிந்து காய்ந்த கதிர்களை வாரம் ஒரு தரம் கிள்ளிப் போடுங்கள். விதை கட்ட விட்டால் செடி அதற்கே சத்தைச் செலவழிக்கும்.

சாமந்தி: இது இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும் செடி. வாசல் விளக்கோ தெரு விளக்கோ இரவெல்லாம் மேலே விழுகிற இடத்தில் வைத்தால் இலையோடு நின்றுவிடும். இருட்டான இடத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

காகிதப்பூ: தண்ணீரைக் குறையுங்கள். கொஞ்சம் வாட விட்டால்தான் கொட்டிப் பூக்கும்.

இந்த மாதம் செய்ய வேண்டியது

இப்போது கோடை. மல்லிகையை இப்போது வெட்டாதீர்கள். ஆசையாய்க் கத்தரியை எடுத்துக்கொண்டு ஓடாமல் கார்த்திகை வரை பொறுங்கள். இப்போது செய்யக்கூடியது: தொட்டியை வெயிலுக்கு மாற்றுவது, பூத்து முடிந்த நுனியை மட்டும் ஓரிரு கணு கிள்ளுவது, மண்ணின் மேல் காய்ந்த சருகு பரப்பி ஈரம் காப்பது. ஆவணியில் பதியம். ஐப்பசிக் கடைசியில் தண்ணீர்க் குறைப்பு. கார்த்திகையில் கவாத்து. பங்குனியில் பூ.

இன்னொரு வேண்டுகோள். யாராவது வாசலில் நின்று, "என் செடி பூக்கலை" என்று கேட்டால், பாலை இறக்கி வைத்துவிட்டு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். நான் அப்படிச் செய்திருந்தால் அந்தப் பெண் ஐந்து மாசம் வீணாய்ப் பிண்ணாக்குக் கரைத்திருக்க வேண்டாம்.

அடுத்த இதழில், தொட்டியில் கறிவேப்பிலை வளர்ப்பது பற்றி எழுதுகிறேன். கேள்வி அனுப்புகிறவர்கள் செடிக்கு எத்தனை மணி நேரம் வெயில், எவ்வளவு தண்ணீர், கடைசியாய் எப்போது வெட்டினீர்கள் என்ற மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள்.